ஒரு நேரடிப் படமா, ஒரு கட்டு அச்சு அட்டைகளா? கிராமத்து உழைப்பைக் காட்டும் பழைய அஞ்சலட்டைகளை எப்படித் தேர்ந்தெடுப்பது

பழைய புகைப்பட அஞ்சலட்டைகளைச் சேர்க்கத் தொடங்கியவர்களில், கிராமத்து உழைப்பின் பக்கம் மனம் சாய்ந்தவர்கள் சீக்கிரமே ஒரு முட்டுச்சந்துக்கு வந்துவிடுகிறார்கள். கதிரடிப்பு, கொல்லன் பட்டறை, ஆட்டு ரோமம் கத்தரிப்பது, ஏரிப் பனிக்கட்டியை அறுத்து எடுப்பது போன்ற காட்சிகளைத் தேடுகிறவர்கள் இவர்கள். கையில் இருக்கும் தொகைக்கு நல்ல நேரடிப் புகைப்பட அட்டை (நெகட்டிவிலிருந்து நேராகப் புகைப்படத் தாளில் எடுத்தது) ஒன்றே ஒன்று வாங்கலாம். அதே தொகைக்கு அச்சகத்தில் அடித்த அட்டைகள் ஒரு கட்டு கிடைக்கும். யாரோ ஒரு குடும்பத்தின் பழைய ஆல்பத்தை அப்படியே முழுசாகவும் எடுத்துக்கொள்ளலாம். நூலகங்கள் இணையத்தில் வைத்திருக்கும் ஸ்கேன்களே போதும் என்று பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்வதும் ஒரு வழிதான். எதைச் செய்வது?

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உழைப்பு என்ற தலைப்புக்கு நேரடிப் புகைப்பட அட்டைக்கு ஈடு எதுவும் இல்லை என்று நம்புகிறவன் நான். ஆனாலும் எல்லோருக்கும் அதையே கைகாட்ட மாட்டேன். அதற்கான காரணங்களைத்தான் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, அட்டை எவ்வளவு பேசுகிறது என்பது. யார், எந்த ஊர், என்ன வேலை, என்ன கருவி, எந்த வருடம்? ஒரு மலைக்காட்சிக்கு ஊர்ப்பெயர் இல்லாவிட்டாலும் அழகு குறையாது. ஆனால் பதினைந்து பேர் கதிரடிக்கும் இயந்திரத்தின் முன்னால் நிற்கும் படத்தில் ஊரும் இல்லை, பெயரும் இல்லை, தேதியும் இல்லை என்றால் பாதி விஷயம் போய்விட்டது. மற்ற எல்லா அளவுகோல்களையும் இதற்குப் பின்னால்தான் வைப்பேன்.

இரண்டாவது நம்பகம். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அட்டை அசலா என்பது ஒன்று. அதில் தெரியும் வேலை அசலா, இல்லை படத்துக்காக நிற்கவைத்ததா என்பது இன்னொன்று. பலர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். இந்தத் தலைப்பில் இரண்டாவது கேள்விக்கும் அதே கனம் உண்டு.

மூன்றாவது, தேடினால் கிடைக்குமா என்பது. நான்காவது, வாங்கும் விலைக்கு மேல் ஏறும் செலவு: தபால், சுங்கம், உறை, பெட்டி, எல்லாவற்றையும்விட உங்கள் நேரம். ஐந்தாவது, அட்டை உங்களுக்குப் பின்னும் நிலைக்குமா என்பது. விற்றால் எவ்வளவு வரும் என்ற கணக்கைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். அதை முதலில் வைத்துச் சேர்ப்பவர்கள் பளபளப்பான அட்டைகளைச் சேர்க்கிறார்கள். உழைப்பைக் காட்டும் அட்டைகள் பெரும்பாலும் பளபளப்பாக இருப்பதில்லை.

## நேரடிப் புகைப்பட அட்டை

விற்பனைப் பட்டியல்களில் இதை ஆர்.பி.பி.சி. (ரியல் ஃபோட்டோ போஸ்ட்கார்டு) என்று குறிப்பார்கள். பின்பக்கம் அஞ்சலட்டைக் கோடுகள் அச்சான புகைப்படத் தாளில், நெகட்டிவிலிருந்து நேராக எடுத்த பிரதி இது. மை கிடையாது, ஜெலட்டின் படலத்தில் தங்கிய வெள்ளித் துகள்தான் படம். 1903-இல் கோடாக் வெளியிட்ட 3ஏ மடிப்புக் கேமராவின் நெகட்டிவ் 3¼ அங்குலத்துக்கு 5½ அங்குலம், அதாவது அஞ்சலட்டை அளவு. பெரிதாக்கும் கருவி எதுவும் தேவையில்லை. நெகட்டிவைத் தாளோடு சேர்த்து அழுத்தி, வெளிச்சம் காட்டி, கழுவி எடுத்தால் அட்டை தயார். இதனால் ஸ்டூடியோ இல்லாத ஊர்களிலும் படம் எடுக்க ஆள் முளைத்தார்கள். ஊர் ஊராகச் சுற்றிய படக்காரர்கள் உண்டு, பொழுதுபோக்காகக் கேமரா வைத்திருந்த கடைக்காரர்களும் பண்ணைக் குடும்பத்தினரும் உண்டு. அமெரிக்காவில் கதிரடிப்புக் குழுக்களைத் தேடிப் போய்ப் படம்பிடித்து, அதில் நின்றவர்களுக்கே பிரதி விற்ற படக்காரர்களும் இருந்தார்கள். அப்படிப்பட்ட அட்டை நாலைந்து பிரதிக்கு மேல் எடுக்கப்படாமலே போயிருக்கலாம்.

இந்த அட்டையின் பெரிய பலம், உற்றுப் பார்க்கப் பார்க்க அது தந்துகொண்டே இருப்பது. பத்து மடங்கு பெருக்கும் லூப் ஒன்றை வைத்துப் பாருங்கள். நீராவி எஞ்சினிலிருந்து கதிரடிக்கும் பெட்டிக்கு ஓடும் பெல்ட் எதற்கு அவ்வளவு நீளம்? எஞ்சினின் தீப்பொறி வைக்கோலில் விழாமல் இருக்கத்தான் அதைத் தள்ளி நிறுத்தினார்கள். பெல்ட்டில் ஒரு திருகல் போட்டிருப்பது தெரியும். ஓடும்போது அலையாமலும் நழுவாமலும் இருக்க அது உதவியது. யார் முட்கோலோடு நிற்கிறார், யார் எண்ணெய்க் குப்பியோடு நிற்கிறார் என்று பார்த்தாலே குழுவில் யாருக்கு என்ன வேலை என்பது புரிய ஆரம்பிக்கும். ஓரமாகத் தண்ணீர் வண்டி நிற்கும், அதன் மேல் ஒரு சின்னப் பையன் உட்கார்ந்திருப்பான். மை அச்சில் இந்த நுணுக்கங்கள் புள்ளிகளாகக் கரைந்துவிடும்.

இன்னொரு பலம், ஆள் கைப்பட எழுதிய தலைப்பு. படத்தின் மேலேயே வெள்ளை எழுத்தில் ஊரும் வருடமும் இருந்தால், படக்காரர் நெகட்டிவின் மேல் அடர்ந்த மையால் எழுதினார் என்று அர்த்தம். கறுப்பு எழுத்து என்றால் படலத்தைச் சுரண்டி எழுதியிருக்கிறார். பெரும்பாலும் இடம்வலம் மாற்றி எழுத வேண்டியிருந்ததால் அங்கங்கே ஓர் எழுத்து திரும்பி நிற்கும். நல்ல தலைப்புள்ள அட்டையை அந்தத் திரும்பிய எழுத்துக்காகக் கழித்துவிடாதீர்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் தன் கையால் எழுதியதன் அடையாளம் அது.

காலத்தைக் கணிக்கத் தாளே உதவும். தபால்தலை ஒட்டும் கட்டத்தைச் சுற்றித் தாள் நிறுவனத்தின் பெயர் இருக்கும்: ஏசோ, வெலாக்ஸ், சைகோ என்று பல. ஏசோ தாளில் அந்தக் கட்டத்தின் நான்கு மூலைகளிலும் முக்கோணம் மேல்நோக்கி இருந்தால் சுமார் 1904 முதல் 1918 வரை. இரண்டு மேலே, இரண்டு கீழே என்றால் சுமார் 1918 முதல் 1930 வரை. பின்பக்கம் நடுவில் கோடு போட்டு, செய்திக்குப் பாதி, முகவரிக்குப் பாதி என்று பிரித்த வழக்கம் பிரிட்டனில் 1902-இலும் ஜெர்மனியில் 1905-இலும் அமெரிக்காவில் 1907 மார்ச் 1-ஆம் தேதியும் வந்தது. அதற்கு முந்தைய அட்டைகளில் செய்தியைப் படத்தின் ஓரத்தில்தான் எழுதினார்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: தாளின் வயது பிரதியின் வயதைத்தான் சொல்லும். பழைய நெகட்டிவிலிருந்து பத்து வருடம் கழித்தும் பிரதி எடுக்கலாம்.

சரி, சங்கடங்கள் என்னென்ன? முதலாவது போலி. பழைய அட்டையைத் திரும்பப் படமெடுத்து, பழைய பின்பக்கத்தையும் அச்சடித்து விற்பது நடக்கிறது. மூன்று சோதனைகள் போதும். லூப்பில் புள்ளிகள் தெரிந்தால் அது நேரடிப் படம் இல்லை. அட்டையைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், படத்தில் தெரியும் மடிப்பும் கீறலும் தாளிலும் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிந்து விரலுக்குத் தட்டுப்படாத மடிப்பு, அது மறுபிரதி என்பதற்குச் சான்று. மூன்றாவது, புற ஊதா விளக்கில் தாள் நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டும் ரசாயனம் இருக்கிறது. அப்படிப்பட்ட தாள் 1950 வாக்கிலிருந்துதான் புழக்கத்துக்கு வந்தது. ஒளிராவிட்டால் அசல் என்று முடிவுகட்டிவிட முடியாது, ஒளிர்ந்தால் சந்தேகப்பட நல்ல காரணம் இருக்கிறது. கருமையான பகுதிகளின் ஓரத்தில் வெள்ளிபோல ஒரு மினுக்கம் தெரிந்தால் கவலைப்பட வேண்டாம். பழைய வெள்ளிப் படங்களுக்கு வயதாவதன் இயல்பு அது.

இரண்டாவது சங்கடம், நேரடிப் படம் என்றாலே அபூர்வம் என்ற நினைப்பு. லண்டனின் ரோட்டரி நிறுவனமும் பெர்லினின் என்.பி.ஜி.யும் புகைப்படத் தாளை உருளை உருளையாக ஓட்டி ஆயிரக்கணக்கில் நேரடிப் படங்களைத் தயாரித்தன. செய்முறை அதேதான், ஆனால் அவை பெருந்தொகையாக விற்ற சரக்கு. பின்பக்கம் பெரிய நிறுவனத்தின் பெயரும் வரிசை எண்ணும் இருந்தால், 'ஒரே பிரதி' விலை கொடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, பட்டியலில் தெரியாத செலவு: போட்டி. உங்களுக்கு அது வேலையாட்களின் படம். நீராவி எஞ்சின் சேர்ப்பவருக்கு அது கேஸ் (Case) என்ற நிறுவனம் செய்த ஓர் எஞ்சின். தபால் முத்திரை சேர்ப்பவருக்கு அது மூடப்பட்டுவிட்ட ஒரு சிறு அஞ்சலகத்தின் முத்திரை. அமெரிக்காவில் வீடுதேடி வரும் கிராமத் தபால் 1902-இல் நிரந்தரமானபின் அப்படிப் பல சின்ன அஞ்சலகங்கள் மறைந்தன. அந்த ஊரின் வரலாற்றைத் திரட்டுபவருக்கு அது அவருடைய ஊர். நான்கு பேரும் ஒரே ஏலத்தில் இருந்தால் விலை உங்கள் தலைப்புக்குச் சம்பந்தமே இல்லாமல் ஏறும். அதனால்தான் எஞ்சினை விட்டுவிட்டு, எந்திரமே இல்லாத வேலைகளைத் தேடச் சொல்வேன்: வெண்ணெய் கடைவது, கூடை முடைவது, கரி சுடுவது, வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா மாட்டுவது. உழைப்பைப் பற்றி இவை சொல்வது எந்த விதத்திலும் குறைவில்லை. பெண்களும் பிள்ளைகளும் செய்த வேலை எஞ்சின் படங்களைவிட இவற்றில்தான் கூடுதலாகத் தெரிகிறது.

ஒரு வேலையையோ ஒரு பகுதியையோ ஆழமாகப் புரிந்துகொள்ள விரும்புபவருக்கும், கொஞ்சமாகச் சேர்த்து நிறைய நேரம் பார்ப்பவருக்கும் நேரடி அட்டையே சரி.

## அச்சு அட்டை

கொலோடைப், ஹாஃப்டோன், வண்ணக்கல் அச்சு என்று முறைகள் பல. லூப்பில் ஒழுங்கான புள்ளிவரிசை தெரிந்தால் ஹாஃப்டோன். புழு நெளிவதைப் போன்ற நுண்ணிய மணல்மணலான பரப்பு கொலோடைப். இரண்டும் புகைப்படத்தை வைத்தே செய்தவை, ஆனால் இடையில் ஓர் அச்சகம் இருக்கிறது.

எண்ணிக்கையைப் பார்த்தால் இவை ஏன் இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன என்பது புரியும். அமெரிக்காவில் 1908 ஜூனில் முடிந்த ஒரே நிதியாண்டில் 67 கோடிக்கும் மேற்பட்ட அட்டைகள் தபாலில் போயின. அப்போது அந்த நாட்டின் மக்கள்தொகை 9 கோடிகூட இல்லை. பிரிட்டனில் ஃபிரித், வாலண்டைன், டக் போன்ற நிறுவனங்களும், பிரான்சில் என்.டி., எல்.எல். என்ற முதலெழுத்துகளோடு வந்த நெர்டான், லேவி நிறுவனங்களும், அமெரிக்காவில் டெட்ராய்ட் பப்ளிஷிங், கர்ட் டைக் நிறுவனங்களும் ஊர் ஊராகப் படம்பிடித்து எண் போட்டு வெளியிட்டன. முதல் உலகப் போருக்கு முன்பு பல நாடுகளின் அட்டைகள் ஜெர்மனியில்தான் அச்சாயின. 'சாக்சனியில் அச்சிட்டது' என்ற வரி அக்காலத்து அட்டைகளில் சர்வசாதாரணம்.

வரிசை எண்ணும் அச்சான தலைப்பும்தான் அச்சு அட்டையின் உண்மையான மதிப்பு. நேரடி அட்டை ஊமையாக இருக்கும் இடத்தில் இது ஊர்ப்பெயரும் வேலையின் பெயரும் சொல்கிறது. ஒரே வேலை வெவ்வேறு பகுதிகளில் எப்படி நடந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால், கரி வெட்டுவதோ மீன் அரிவதோ ஆப்பிள் பிழிவதோ எதுவானாலும், நேரடி அட்டைகளை வைத்து அதைச் செய்து முடிக்க ஆயுள் போதாது. அச்சு அட்டைகளில் செய்துவிடலாம். அச்சு அட்டையை மட்டமாக நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: புகைப்படக் கலைஞர் வாக்கர் எவன்ஸ் சேர்த்துவைத்த சுமார் 9,000 அட்டைகள் இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சாதாரண அச்சு அட்டைகளை நேசித்துச் சேர்த்தவர் அவர்.

ஆனால் அச்சு அட்டையைச் சான்றாக எடுக்கும்போது மூன்று இடங்களில் நிதானம் வேண்டும்.

வண்ணத்தை நம்பக் கூடாது. படம் பிடித்தது கறுப்பு வெள்ளையில். வண்ணம் சேர்த்தது அந்த வயலைப் பார்த்தே இராத அச்சகத் தொழிலாளி. பாவாடை சிவப்பா பழுப்பா என்பதை அட்டை தீர்மானிக்க முடியாது. தந்திக் கம்பம் மறைந்திருக்கும், வானத்தில் மேகம் முளைத்திருக்கும்.

நிற்கவைத்த காட்சியை அடையாளம் காண வேண்டும். வெளுத்த சட்டை, சேறு படாத காலணி, கருவியைப் பிடித்திருக்கும் விதம் எல்லாம் சொல்லிவிடும். விழாக்கால உடுப்பில் நூல் நூற்கும் பாட்டி, சுற்றுலாப் பயணிக்காக உட்காரவைக்கப்பட்டவர். அப்படிப்பட்ட அட்டையும் பயனுள்ளதே, வெளியூர்க்காரர்கள் கிராமத்தை எப்படிப் பார்க்க விரும்பினார்கள் என்பதற்கு அது சான்று. வேலை எப்படி நடந்தது என்பதற்கு அதைச் சான்றாக எடுத்துவிடக் கூடாது. கன்சாஸ் மாநிலத்தின் ஒட்டாவாவில் மார்ட்டின் என்ற படக்காரர் 1908 வாக்கில் தொடங்கி, மரத்தடி அளவு மக்காச்சோளக் கதிரை வண்டியில் ஏற்றிப் போவதுபோல வெட்டி ஒட்டிய படங்களை அட்டையாக விற்றார். இந்த வகையைத் தனியாகச் சேர்ப்பவர்கள் உண்டு. அவையாவது பொய் என்று பார்த்தவுடனே தெரியும், நிற்கவைத்த காட்சிதான் மெல்ல ஏமாற்றுகிறது.

மூன்றாவது தலைப்பு. ஒரே படம் வெவ்வேறு தலைப்புகளோடு விற்றதுண்டு. இதைவிடக் கனமான விஷயம் ஒன்று இருக்கிறது. அமெரிக்கத் தெற்கில் பருத்தி பறித்த கறுப்பின மக்களையும், காலனி நாடுகளில் தோட்ட வேலை செய்தவர்களையும் காட்டும் பல அச்சு அட்டைகளில் தலைப்பே அவர்களை இழிவுபடுத்துகிறது. அதை வெட்டி எறிந்துவிட்டுப் படத்தை மட்டும் ரசிப்பதும் தவறு, பழங்காலத்து இனிமை என்று சட்டம் போட்டு மாட்டுவதும் தவறு. தலைப்போடு சேர்த்து வைத்திருங்கள். யார் எழுதியது, யாருக்காக எழுதியது என்ற குறிப்போடு வைத்திருங்கள். அந்த மனிதர்களுக்குக் காட்ட வேண்டிய குறைந்தபட்ச மரியாதை அதுதான்.

அச்சு அட்டையின் மறைமுகச் செலவு இடமும் ஒழுங்கும். ஒரு அட்டைக்கு ஆகும் தொகை சிறியதாக இருப்பதால் கை நிற்காது. தபால் செலவு அட்டையின் விலையைத் தாண்டிவிடும் வாங்கல்கள் சர்வசாதாரணமாக நடக்கும். ஒரே விற்பனையாளரிடம் சேர்த்து வாங்குவது மட்டுமே இதற்கு மருந்து.

## ஆல்பம் அல்லது மொத்தக் கட்டு

ஒரு குடும்பம் சேர்த்துவைத்த ஆல்பம் வேறு, வியாபாரி கலந்து கட்டிய கட்டு வேறு. இரண்டையும் ஒரே பெயரில் விற்பார்கள். ஆல்பத்தில் ஒரே கையெழுத்து திரும்பத் திரும்ப வரும், ஒரே முகவரி வரும். மகன் மரம் வெட்டும் முகாமிலிருந்து அனுப்பியதும், அக்காள் பால்பண்ணையிலிருந்து எழுதியதும் ஒன்றை ஒன்று விளக்கும். தனியாகப் பார்த்தால் பெயர் தெரியாத மனிதர், அடுத்த பக்கத்து அட்டையின் செய்தியால் பெயர் பெறுவார். இந்தத் தொடர்புக்குத்தான் பணம் தருகிறோம். கலந்து கட்டிய கட்டில் அது கிடையாது. அதில் கிடைப்பது கண்பயிற்சி. நூறு அட்டையை லூப்பில் பார்த்து முடித்தவருக்கு ஹாஃப்டோனையும் நேரடிப் படத்தையும் பிரித்தறிய யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? ஆல்பத்தில் முக்கால்வாசி உங்கள் தலைப்புக்கு வெளியே இருக்கும்: பூங்கொத்து, வாழ்த்து, கடற்கரை. எடை கூடுவதால் தபால் செலவும் கூடும். பழைய ஆல்பத் தாள் அமிலம் மிகுந்தது, அட்டையின் ஓரங்களைப் பழுப்பாக்கும். பசையால் ஒட்டிய அட்டையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கும் யோசனையை மறந்துவிடுங்கள். ஜெலட்டின் ஊறி இளகினால் முகமே போய்விடும். நல்ல அட்டையை உருவி எடுத்துவிட்டு இடத்தை நிரப்பிய ஆல்பங்களும் விற்பனைக்கு வரும். நிறம் மங்கிய பக்கத்தில் அட்டை இருந்த இடமும் இப்போதைய அட்டையின் அளவும் பொருந்தாமல் இருந்தால் அதைச் சந்தேகப்படலாம்.

குடும்ப ஆல்பம் கைக்கு வந்தால் எந்த அட்டையையும் எடுப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் வரிசைப்படி படமெடுத்து வையுங்கள். என்னைக் கேட்டால், உழைப்பைக் காட்டும் அட்டைகள் பத்துக்கு மேல் உள்ள ஆல்பத்தைப் பிரிக்கவே கூடாது. பிரித்து விற்றால் கூடுதல் தொகை வரும் என்பது உண்மைதான். ஆனால் பிரித்தபின் அந்தக் குடும்பத்தைத் திரும்பச் சேர்க்க யாராலும் முடியாது.

## ஸ்கேனும் மறுபதிப்பும்

காசு செலவில்லாத இந்த வழியைப் பலரும் சேகரிப்பாகவே மதிப்பதில்லை. நான் மதிக்கிறேன். கர்ட் டைக் நிறுவனத்தின் ஆவணங்கள் சிகாகோவின் நியூபெரி நூலகத்தில் இருக்கின்றன. மெய்ன் மாநிலத்தின் பெல்ஃபாஸ்டில் 1909-இல் தொடங்கிய ஈஸ்டர்ன் இல்லஸ்ட்ரேட்டிங் நிறுவனத்தின் கண்ணாடி நெகட்டிவ்களைப் பெனாப்ஸ்காட் கடல்சார் அருங்காட்சியகம் காக்கிறது. சிற்றூர்களின் தெருக்களையும் வேலையிடங்களையும் நேரடி அட்டைகளாக எடுத்து விற்ற நிறுவனம் அது. இங்கிலாந்தின் ரெடிங்கில் 1951-இல் தொடங்கிய கிராம வாழ்க்கை அருங்காட்சியகம் பண்ணைக் கருவிகளையும் படங்களையும் சேர்த்து வைத்திருப்பதால், அட்டையில் தெரியும் கருவி என்னவென்று கண்டுபிடிக்கப் பெரிய துணை.

குறை என்று பார்த்தால், பின்பக்கத்தை ஸ்கேன் செய்யாமல் விட்ட தொகுப்புகள் ஏராளம். செய்தி, முத்திரை, தாளின் பெயர் எல்லாமே போய்விடும். உரிமைக் கேள்வியும் உண்டு. அமெரிக்காவில் வெளியாகி 95 ஆண்டுகள் கடந்த அட்டை பொதுவுடைமை. வெளியிடப்படாமல் வீட்டோடு நின்ற புகைப்படத்துக்குக் கணக்கு வேறு: எடுத்தவர் இறந்து 70 ஆண்டுகள், எடுத்தவர் தெரியாவிட்டால் எடுத்ததிலிருந்து 120 ஆண்டுகள். படித்துப் பயன்படுத்த மட்டும் என்றால் இது தடையில்லை, அச்சிட்டு வெளியிடும் எண்ணம் இருந்தால் பார்த்துக்கொள்ள வேண்டும். மறுபதிப்பு அட்டைகளை அலங்காரத்துக்கு வாங்கலாம், சேகரிப்போடு ஒரே பெட்டியில் போடாதீர்கள். பிற்காலத்தில் வாரிசுகளுக்கு எது எதுவென்று தெரியாது.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் | நேரடிப் புகைப்பட அட்டை | அச்சு அட்டை | ஆல்பம் / கட்டு | ஸ்கேன் |
|---|---|---|---|---|
| எவ்வளவு பேசுகிறது | படத்தில் மிக அதிகம்; ஊரும் பெயரும் பெரும்பாலும் இல்லை | தலைப்பும் எண்ணும் உண்டு; நுணுக்கம் குறைவு | ஒரு அட்டை இன்னொன்றை விளக்கும் | முன்பக்கம் மட்டுமே இருக்கக்கூடும் |
| நம்பகம் | போலி உண்டு. காட்சி பெரும்பாலும் அசல் | போலி குறைவு. வண்ணம், காட்சி, தலைப்பு மூன்றையும் சோதிக்க வேண்டும் | குடும்ப ஆல்பத்தில் அதிகம், கலவைக் கட்டில் சுமார் | நிறுவனத்தைப் பொறுத்தது |
| கிடைப்பது | அரிது, போட்டி கடுமை | எளிது | நல்ல ஆல்பம் அரிது | உடனே |
| மறைமுகச் செலவு | ஏலப் போட்டி, சோதனைக் கருவி, தேடும் நேரம் | தபால், இடம் | எடை, வேண்டாதவை, பழுது | உங்கள் நேரம் |
| நிலைப்பது | ஈரம், சரியாகக் கழுவாத பிரதியில் மங்கல் | ஓரளவு உறுதி | ஆல்பத் தாளே எதிரி | கோப்பைப் பேணும் வரை |

பராமரிப்பை விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். உறை பாலிஎஸ்டராகவோ பாலிப்ராப்பிலீனாகவோ இருக்க வேண்டும். மென்மையாகவும் பிளாஸ்டிக் வாசனையோடும் இருக்கும் பி.வி.சி. உறை நாளடைவில் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். அறையின் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள், ஏறி இறங்காமல் இருந்தால் நல்லது. நேரடி அட்டை வளைந்திருந்தால் அழுத்தி நிமிர்த்தாதீர்கள், படலம் வெடித்துவிடும். பேனாவால் எதையும் எழுத வேண்டாம், குறிப்பை உறைக்குள் வைக்கும் தனித் துண்டில் பென்சிலால் எழுதுங்கள். வாங்கிய அன்றே இரண்டு பக்கத்தையும் 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்துவிட்டால் அடிக்கடி அட்டையை எடுத்துப் புரட்ட வேண்டிவராது. பெரிதாக்கிப் பார்க்க லூப்பைவிட அது வசதி.

## யார் எதை எடுக்கலாம்

புதிதாகத் தொடங்குபவர் முதலில் ஸ்கேன்களில் உட்காரட்டும். எந்த வேலை தன்னைப் பிடித்து இழுக்கிறது என்று தெரிந்தபின் ஒரு கலவைக் கட்டு வாங்கட்டும். கண் பழகுவதற்கு முன் ஏலத்தில் நேரடி அட்டைக்கு நிற்பது பணத்தை வீணாக்கும் வழி.

ஒரு தொழிலைப் பல ஊர்களில் ஒப்பிடுபவர், பாடம் நடத்துபவர், கண்காட்சி வைப்பவர் அச்சு அட்டையை முதுகெலும்பாக வைத்துக்கொள்ளலாம். அதோடு இரண்டு மூன்று நேரடிப் படங்களைச் சேர்த்தால் அச்சகம் எதை மறைத்தது என்பதும் தெரிந்துவிடும்.

தன் குடும்பத்தின் ஊரையோ ஒரு குறிப்பிட்ட பகுதியையோ தேடுபவர் ஆல்பத்துக்காகக் காத்திருப்பது நல்லது. நடுவில் கண்ணில் படும் தனி அட்டைகளை வாங்கினாலும், அதே முகவரிக்குப் போன வேறு அட்டைகள் இருக்கின்றனவா என்று விற்பவரிடம் கேளுங்கள். பிரிந்துபோன ஆல்பத்தின் துண்டுகள் பல நேரம் ஒரே வியாபாரியிடம் கிடக்கும்.

வேலை செய்யும் கைகளையும் முகங்களையும் அருகில் பார்க்க வேண்டும் என்ற ஆசை உள்ளவர், எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படாமல் நேரடி அட்டைக்குப் போகலாம். எனக்குப் பிடித்த வழி இது.

அப்புறம், எந்த வழியில் போனாலும் ஒரு நாள் இந்தத் தேர்வு உங்கள் முன்னால் வரும்: ஒரே படம், இரண்டு பிரதிகள். ஒன்று மூலை மடங்காமல், எழுதப்படாமல், புத்தம்புதிதுபோல இருக்கும். இன்னொன்றில் மூலை தேய்ந்திருக்கும், கறை இருக்கும், பின்பக்கம் 'இடமிருந்து மூன்றாவது நான், அறுவடை சனிக்கிழமை முடியும்' என்பதுபோலப் பென்சில் கிறுக்கல் இருக்கும். சந்தை முதலாவதற்குத்தான் கூடுதல் விலை வைக்கும். சேதம் முகத்தையோ கருவியையோ தொடாத வரை, இரண்டாவதை வாங்குங்கள். விற்பவர் பின்பக்கத்தின் படத்தை அனுப்ப மறுத்தால் இரண்டையும் விட்டுவிடுங்கள்.